ஒரு மெகாவாட் சேம்பு

மட்டாஞ்சேரியில் ஒரு மெகாவாட் மின்நிலையம் இருப்பது மட்டாஞ்சேரிக்காரர்கள் பலருக்குத் தெரியாது. அது ஒரு சேம்புச் செடி. சுடலைமணியின் தேய்ப்புக் கடை வாசலில், விளிம்பு உடைந்த மண்தொட்டிக்குள் இருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் அதைச் சேம்பு என்றுதான் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் வெள்ளைச் சட்டைகளை அங்கேதான் தேய்க்கக் கொடுப்பேன். வாரம் இரண்டு முறை அந்தத் தொட்டியைத் தாண்டிப் போவேன். ஒரு மெகாவாட்டைக் காலால் தாண்டுகிறோமே என்ற பயம் ஒரு நாளும் வந்ததில்லை.

சுடலைமணி சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷம் ஆகிறது. தேய்ப்பதெல்லாம் சிரட்டைக் கரிப் பெட்டியில்தான். கடையில் கரண்ட் கிடையாது. இணைப்புக் கேட்டு ஆறு முறை எழுதிக் கொடுத்தார். நான்கு சுவர் உள்ள கட்டடத்துக்குத்தான் இணைப்பு, உமக்கு இருப்பது மூன்று என்று ஆறு முறையும் ஒரே பதில் வந்தது. நான்காவது பக்கமும் சுவர் வைத்தால் துணியோடு வருகிறவர் எந்த வழியாக வருவார் என்று ஏழாவது முறை கேட்டிருக்கலாம். அவருக்கு அந்தத் தெம்பு இல்லை.

அவருக்கு வலிப்பு உண்டு. மூன்று வேளை மாத்திரை. காலையிலும் ராத்திரியிலும் அவர் மனைவி சந்தனமாரி அக்கா உள்ளங்கையில் வைத்துக் கொடுத்து, விழுங்குகிறாரா என்று தொண்டையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வம்பெல்லாம் மத்தியானம் ஒரு மணி மாத்திரையில்தான். அந்த நேரத்தில் அக்கா சுக்குக் கிடங்கில் சுக்கு புடைத்துக்கொண்டிருப்பார். ஃபோனில் அலாரம் வைத்துக் கொடுத்தார்கள். சுடலைமணி அதை அமுக்கிவிட்டு, "இந்தக் காலரை முடிச்சிருதேன்" என்பார். காலர் முடிந்தால் கை வரும், கை முடிந்தால் அடுத்த சட்டை வரும். மாத்திரை மட்டும் வராது. மாதத்துக்கு ஒரு முறையாவது கடையில் விழுவார்.

இந்த நிலைமையில்தான் அதிதி வந்தாள். பக்கத்துக் குடியிருப்பில் இருக்கும் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பெண், இன்ஜினியரிங் கடைசி வருஷம். அவளுடைய ப்ராஜெக்டுக்கு வெயிலும் வேண்டும், எப்போதும் ஈரமும் வேண்டும். அவள் வீட்டுப் பால்கனி எதிர்வீட்டுச் சுவரைத்தான் பார்க்கும். தேய்ப்புக் கடை வாசலில் காலை முதல் மாலை வரை வெயில். துணிக்குத் தெளிக்கிற தண்ணீர்க் குவளையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அடுத்த கடை முகமது இஸ்மாயிலின் சாயாக்கடை. அதன் பின்னால், பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் இடத்தில் காடாக வளர்ந்திருந்த சேம்பில் ஒன்றைப் பிடுங்கினாள். தொட்டியில் கறுப்புச் சேற்றை நிரப்பி, தேய்ப்புப் பெட்டியில் மிஞ்சிய கரியைத் தூளாக்கிப் போட்டு, இரண்டு கம்பியைச் சொருகி, தீப்பெட்டி அளவில் ஒரு சின்னக் கடிகாரத்தை மாட்டினாள்.

"சுடலை அண்ணா, இலை வெயில்ல சாப்பாடு உண்டாக்கறது. மிஞ்சினதை வேர் வழியாச் சேத்துல விட்டுடறது. சேத்துல இருக்கற கிருமி அதைத் தின்னுட்டு ஒரு துளி கரண்ட் விடும். அதைத்தான் இந்தக் கரி பிடிச்சுக்கறது."

"பல்பு எரியுமா, பாப்பா?"

"எரியாது. இந்தக் கடிகாரம் ஓடும். நமக்கு வேண்டிய நேரத்துல கீன்னு ஒரு சத்தம் போடும், அவ்வளவுதான்."

"ஒரு மணிக்குப் போடச் சொல்லு தாயி, அது போதும்" என்றார் அக்கா. மாத்திரை டப்பாவைத் தொட்டியின் கழுத்தில் சணலால் கட்டியும் விட்டார்.

அன்றிலிருந்து ஒரு மணிக்குச் செடி கீ என்றது. ஃபோனை அமுக்கிய அதே சுடலைமணி, "வாயில்லாச் சீவன் தண்ணி கேக்குல்லா" என்று பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எழுந்தார். செடிக்கு ஒரு குவளை. குனிந்தால் மூக்கில் இடிப்பது மாத்திரை டப்பா. தனக்கு ஒரு குவளை. எட்டு மாதம் அவர் விழவே இல்லை. மத்தியானம் ஆனால் முறத்தை வைத்துவிட்டுக் கிடங்கு வாசலுக்கு வந்து எட்டிப் பார்ப்பது நின்றுபோயிற்று என்று அக்கா என்னிடமே சொன்னார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

அப்படியே விட்டிருந்தால் இந்தக் கதைக்கு வேலை இல்லை. அதிதிக்குக் கல்லூரியில் பரிசு கிடைத்தது. பத்திரிகையில் செடியும் சுடலைமணியும் சேர்ந்து நிற்கும் படம் வந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

பூதத்தின் பெயர் நுண்மின் உற்பத்தி ஒழுங்குமுறை இயக்ககம். எர்ணாகுளத்தில், பிராட்வேக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு குடைக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. முப்பத்தொரு பேருக்கு அங்கே வேலை. சின்ன அளவில் மின்சாரம் உற்பத்தி செய்கிறவர்களை ஒழுங்குபடுத்த ஏற்படுத்தியது. தொடங்கி நான்கு வருஷமாக யாரும் உற்பத்தி செய்யவில்லை. அதனால் எந்த ஒழுங்கீனமும் நடக்கவில்லை என்று சிறந்த நிர்வாகத்துக்கான விருதை மூன்று முறை வாங்கியிருந்தது. படம் வந்த மறுநாள் காலை மூன்று ஜீப்பில் அவர்கள் மட்டாஞ்சேரிக்கு வந்து இறங்கினார்கள்.

முன்னால் வந்தவர் உதவி இயக்குநர் சிவசங்கரன். அவரும் பாலக்காட்டுத் தமிழர். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பின்னால் நம்புவது கஷ்டம்.

"பேடிக்கவே வேண்டாம், பயமே வேண்டாம், கேட்டேளா" என்று சுடலைமணியின் தோளில் கை வைத்தார். "நாலு வருஷமா உங்களைத்தான் தேடிண்டிருந்தோம். ஒரு ஃபாரம், ஒரு ஒப்பு. அத்தனைதான். எத்தனை மெகாவாட்?"

சுடலைமணி அதிதியைப் பார்த்தார். "ஒரு வாட்டைப் பத்து லட்சம் துண்டாக்கினா, அதுல ஒரு நாப்பது துண்டு வரும் சார்" என்றாள் அதிதி.

"ஃபாரத்துல மெகாவாட்டாக்கும் கேட்டிருக்கு."

கூட வந்த குமாஸ்தா எழுத ஆரம்பித்தார். புள்ளி வைத்துப் பத்து சுழி போட்டு அப்புறம் நான்கு போட வேண்டும். கட்டத்தில் ஆறு இலக்கத்துக்குத்தான் இடம். ஏழாவது சுழி பக்கத்துக் கட்டத்துக்குள் போய், தகப்பனார் பெயரை மறைத்தது. சிவசங்கரன் ஃபாரத்தின் அடிக்குறிப்பைப் படித்தார். 'பின்னம் வந்தால் அடுத்த முழு எண்ணை எழுதுக' என்று இருந்தது. நிம்மதிப் பெருமூச்சு விட்டு, குமாஸ்தா கையிலிருந்து பேனாவை வாங்கி, தானே ஒன்று என்று எழுதினார்.

"ஒரு மெகாவாட்" என்றார். "நல்ல உருண்டையான நம்பர்."

"சார், ஊரே அவ்வளவு கரண்ட் எடுக்குமே" என்றாள் அதிதி.

"அப்போ ஊருக்கு நல்லதுதானே, குட்டி?"

சுடலைமணி கையெழுத்துப் போட்டார். ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. மலையாளத்தில் வந்ததால் இஸ்மாயில்தான் படித்துச் சொன்னார். சேம்புச் செடி முதலாம் எண் மின்நிலையமாகப் பதிவு செய்யப்பட்டிருந்தது. சுடலைமணி நிலைய மேற்பார்வையாளர். கடிகாரம் அனுமதியில்லாமல் மின்சாரம் இழுக்கும் நுகர்வோர்.

"சுடலே, நீ ஆப்பீசர் ஆயி" என்று இஸ்மாயில் கை குலுக்கினார்.

கடிகாரத்தைக் கழற்றி, ரசீது போட்டு, அக்காவின் கையில் கொடுத்தார்கள். ஒரு மெகாவாட் நிலையத்துக்கு என்ன உண்டோ அத்தனையும் வரத் தொடங்கியது. சுற்றி ஆளுயரக் கம்பி வேலி. மண்டையோடு போட்ட அபாயப் பலகை, சேம்பைவிடப் பெரிது. வேலி போட்ட அவசரத்தில் தேய்த்து மாட்டியிருந்த என் வெள்ளைச் சட்டை ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டது. கேட்டேன். நிலையத்தின் எல்லைக்குள் இருப்பதெல்லாம் நிலையத்தின் சொத்து என்று பதில் வந்தது. மாத்திரை டப்பாவும் அப்படியே. அதன் மேல் அரக்கு முத்திரை வைத்தார்கள்.

பதினான்காம் விதிதான் முக்கியம். மின்நிலையத்திலிருந்து மூன்று மீட்டருக்குள் தண்ணீரோ நெருப்போ கூடாது. சுடலைமணியின் தொழிலில் இருப்பதே இந்த இரண்டும்தான். மேசையைத் தூக்கிக்கொண்டு சாயாக்கடை வாசலுக்குப் போனார். இஸ்மாயில் ஒரு பெஞ்சை மடக்கி இடம் கொடுத்தார்.

"சார், செடிக்கு யாரு தண்ணி ஊத்துவா?" என்று சுடலைமணி சிவசங்கரனிடம் கேட்டார்.

சிவசங்கரன் சிரித்தார். "கரண்ட் இருக்கற இடத்துல வெள்ளம் ஊத்தலாமா? சின்னக் குழந்தைக்கும் தெரியுமே!"

அடுத்தது மீட்டர். உற்பத்தியை அளக்க இரும்புப் பீரோ உயரத்தில் ஒன்று வந்தது. அது ஓட கரண்ட் வேண்டும். இருபது வருஷமாகக் கடைக்கு வராத லைன் அரை நாளில் வந்தது, மூன்று சுவரைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த லைனிலிருந்து தேய்ப்புப் பெட்டிக்குக் கொஞ்சம் கிடைக்குமா என்று சுடலைமணி கேட்டதற்கு, அது குற்றம் என்று அன்பாகச் சொன்னார்கள். மீட்டர் மழையில் நனையாமலிருக்க மேலே தகரக் கூரை போட்டார்கள். கூரையின் நிழல் காலை முதல் மாலை வரை செடியின் மேல் விழுந்தது.

வெயில் போயிற்று, தண்ணீர் போயிற்று. சேம்பு என்ன செய்யும்? பத்தாம் நாள் ஓர் இலை மஞ்சளாகிச் சாய்ந்தது. மெமோ வந்தது. இஸ்மாயில் சாயா ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் படித்தார்: 'நிலையத்தின் கிழக்குப் பகுதி முன் அனுமதியின்றிச் சாய்ந்துள்ளது. மேற்பார்வையாளர் ஏழு நாளுக்குள் விளக்கம் தரவும்.' சுடலைமணி சொல்லச் சொல்ல இஸ்மாயில் பதில் எழுதினார். தண்ணீர் இல்லை. அதற்கும் பதில் வந்தது. 'தண்ணீர் இல்லாமை' என்பது அனுமதிக்கப்பட்ட காரணங்களின் பட்டியலில் இல்லையாம். பட்டியலில் உள்ள காரணங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். முதல் காரணம் நிலநடுக்கம்.

கீ சத்தம் நின்றதைப் பற்றி யாரும் மெமோ அனுப்பவில்லை. அக்கா தினமும் ஒரு மாத்திரையைச் சுடலைமணியின் சட்டைப்பையில் போட்டு அனுப்பினார். இஸ்மாயில் முடிந்த நாளெல்லாம், "எடோ, மருந்து கழிச்சோ?" என்று கூப்பிட்டு, மாத்திரை சாப்பிட்டாரா என்று கேட்டார். ஒரு மணி என்பது சாயாக்கடையில் ஊண் நேரம். நெரிசலில் மூன்று நாள் அவர் கேட்கவில்லை. மூன்று நாளும் சுடலைமணி ஒரு காலரை முடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் விழுந்தார். கரிப்பெட்டியும் கூடவே சரிந்தது. இஸ்மாயில் ஓடிவந்து ஒருக்களித்துப் படுக்க வைத்தார். அதற்குள் இடது முழங்கைக்குக் கீழே தோல் வெந்துவிட்டது. அக்கா சுக்குத் தூள் படிந்த கையோடு ஓடிவந்தார். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய சட்டைப்பையைத் துழாவினார். மூன்று மாத்திரையும் அதில் இருந்தன. அக்கா அவற்றை உள்ளங்கையில் வைத்து எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

மறுநாள் அக்காவோடு நானும் குடைக்கடை மாடிக்கு ஏறினேன். சிவசங்கரன் எழுந்து நின்று வரவேற்றார். கண் கலங்கியது, பொய் இல்லை.

"சேச்சி, கேட்டப்போ எனக்குச் சோறே இறங்கலை. விபத்துன்னா எங்ககிட்ட மூணு ஃபாரம் இருக்கு. ஷாக் அடிச்சது, கம்பி அறுந்தது, மின்னல். சேட்டனுக்குக் கரியில சுட்டது. எந்த ஃபாரத்துல நான் வருத்தப்படறது, சொல்லுங்கோ."

"நீங்க வருத்தப்பட வேண்டாம் சார். தெனம் ஒரு குவளை தண்ணி ஊத்த விடுங்க. அந்தக் கடியாரத்தைத் திரும்ப மாட்ட விடுங்க. எம் புருசன் உசிரு அதுல இருக்கு."

சிவசங்கரன் எங்களை இயக்குநர் விஸ்வேஸ்வரனின் அறைக்கு அழைத்துப் போனார். அவர் மேசையில் காகிதமே இல்லை. சுவர் முழுக்க விருதுகள். அக்கா சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார்.

"அம்மா, இந்த மாநிலத்திலேயே உங்கள் வேதனையைப் புரிந்துகொள்ள முப்பத்தொரு பேரை ஒரே மாடியில் வைத்திருக்கிற இடம் இது ஒன்றுதான்" என்று மேடைத் தமிழில் தொடங்கினார். "ஆனால் யோசியுங்கள். செடி கேட்கிறது என்று தண்ணீர் ஊற்றினால் எங்களுக்கும் ஒரு விவசாயிக்கும் என்ன வித்தியாசம்? விவசாயி செடியைப் பார்க்கிறான். நாங்கள் விதியைப் பார்க்கிறோம். செடி இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் போகும். பதினான்காம் விதி இருக்கும். உங்கள் கணவர் பெயரும் அந்த விதியோடு கோப்பில் இருக்கும். வேறு என்ன வேண்டும்?"

"தண்ணி" என்றார் அக்கா.

அவர் மணி அடித்தார். எங்களுக்குச் சாயா வந்தது. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாகச் சொல்வார்கள். இங்கே ஓநாய் சாயாவும் வாங்கிக் கொடுத்தது.

மட்டாஞ்சேரி வந்ததும் அக்கா நேராக இஸ்மாயிலின் கடைப் பின்பக்கம் போய் நின்று, அந்தச் சேம்புக் காட்டைப் பார்த்தார். "இக்கா, ஒண்ணு எடுத்துக்கவா?" என்று இஸ்மாயிலிடம் கேட்டார்.

"ஒந்நோ? எல்லாம் எடுத்தோ, பெங்ஙளே" என்று, உடன்பிறந்தவளிடம் சொல்வதுபோல எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார் இஸ்மாயில். காலியான வெள்ளைப் பெயிண்ட் வாளி ஒன்றையும் கொண்டுவந்து வைத்தார்.

அதிதி கறுப்புச் சேறும் கரித்தூளும் போட்டுக் கட்டினாள். சேற்றுக் கிருமி பழகப் பதினைந்து நாளாவது ஆகும் என்றாள். அந்தப் பதினைந்து நாளும் அக்கா கிடங்குக்குப் போகவில்லை. ஒரு மணிக்கு மாத்திரையோடு கடையில் நின்றார். வாளி சாயாக்கடைக் குழாய்க்குப் பக்கத்தில் நல்ல வெயிலில் இருந்தது. கடிகாரத்தை அதில் மாட்டி, மேலே ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைத்தார்கள். வேலிக்குள் இருந்த செடியைப் பார்க்க இயக்ககத்துக்காரர்கள் தினமும் வந்தார்கள். வாளியைத் தாண்டித்தான் போனார்கள்.

அதற்குள் முதலாம் எண் மின்நிலையம் செத்துவிட்டது. பன்னிரண்டாம் தேதி கடைசி இலையும் காய்ந்தது. உடனே அடுத்த உத்தரவு வந்தது, நிலையத்தை நாட்டுக்கு அர்ப்பணிக்கும் விழா இருபதாம் தேதி. பிராட்வேயிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சேம்பு வாங்கி வந்து தொட்டியில் நட்டார்கள். உண்மையைச் சொன்னால் பழைய சேம்பைவிட அது பச்சையாக இருந்தது.

இருபதாம் தேதி பந்தல், நாற்காலி, மேடையில் பாட்டில் தண்ணீர். பாதுகாப்புக்காகச் சாயாக்கடைக் குழாயை மூடி, பூட்டுப் போட்டார்கள். குவளை, குடம் எதிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் மிச்சம் வைக்கவில்லை. நிலைய மேற்பார்வையாளர் என்ற முறையில் சுடலைமணியை, கையில் கட்டோடு, முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். பந்தலின் ஓரத்தில், பெயிண்ட் வாளிக்குப் பக்கத்தில் அக்காவும் அதிதியும் நானும் நின்றோம். வேலிக்குள் என் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டரைக்கு விஸ்வேஸ்வரன் பேச எழுந்தார்.

"நண்பர்களே, இந்த நிலையத்தை நாங்கள் ஏற்றபோது இதற்குத் தினம் ஒரு குவளை தண்ணீர் செலவானது. தண்ணீரை நிறுத்தினோம். உற்பத்தி குறையவில்லை என்று மீட்டர் சொன்னது. வெயிலை நிறுத்தினோம். மீட்டர் ஏறியது. பன்னிரண்டாம் தேதிக்குப் பிறகு, இலையே இல்லாத நிலையில், உற்பத்தி ஒன்பது மடங்காகியிருக்கிறது. இதிலிருந்து என்ன தெரிகிறது? இத்தனை நாளும் உற்பத்திக்குத் தடையாக இருந்தது அந்தச் செடிதான்."

கைதட்டல் எழுந்தது. அதிதி என் காதருகே சொன்னாள்: "மீட்டர் தனக்கு வரற கரண்டையே அளந்துண்டிருக்கு, அங்கிள்." எனக்கு அப்போதுதான் புரிந்தது. மீட்டருக்கு அது இன்னும் புரியவில்லை.

விஸ்வேஸ்வரன் தொடர்ந்தார். விதி இல்லாத நாடு வேலி இல்லாத பயிர் என்றார். இங்கே பயிர் இல்லாமல் வேலியை மட்டும் நிலைநிறுத்திக் காட்டியிருக்கிறோம் என்றார். ஒரு மணி ஆயிற்று.

கீ.

எல்லாருடைய கண்ணும் பிளாஸ்டிக் சேம்பின் மேல் போயிற்று. விஸ்வேஸ்வரன் நெஞ்சில் கை வைத்தார். "கேட்டீர்களா? நிலையமே நன்றி சொல்கிறது!"

இயக்ககத்தின் மற்ற இருபத்தொன்பது பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். சிவசங்கரன் மட்டும் சத்தம் வந்த பக்கம் திரும்பி வாளியைப் பார்த்தார். மேலே சிரட்டை, அதன் அடியில் கம்பி, பெரிய பெரிய இலை. கையிலிருந்த ஃபாரத்தைப் பார்த்தார். வாளி என்று அதில் கட்டம் இல்லை. அவரும் பிளாஸ்டிக் சேம்பைப் பார்த்துக் கைதட்டத் தொடங்கினார்.

சுடலைமணி பழக்க தோஷத்தில் எழுந்துவிட்டார். குவளையைத் தேடினார். காலி. குழாயைப் பார்த்தார். பூட்டு. அப்படியே நின்றார். இந்த மனுஷன் மறுபடி உட்கார்ந்தால் அவ்வளவுதான் என்று எனக்கே பகீரென்றது.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையில் ஏறினார். மாலை போடத்தான் வருகிறார் என்று நினைத்து விஸ்வேஸ்வரன் கழுத்தைக் கொஞ்சம் குனிந்து கொடுத்தார். அக்கா அவர் முன்னால் இருந்த பாட்டிலை ஒரு கையிலும் பக்கத்து நாற்காலிக்காரரின் பாட்டிலை மறு கையிலும் எடுத்துக்கொண்டு இறங்கினார். யாரும் தடுக்கவில்லை. கைதட்டிக்கொண்டிருப்பவர்களுக்குக் கை ஓய்வாக இல்லை.

ஒரு பாட்டிலை வாளியில் கவிழ்த்தார். குடகுடவென்று போயிற்று. இன்னொன்றைத் திறந்து சுடலைமணியின் கையில் கொடுத்து, மடியிலிருந்து மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்தார்.

"இந்தாரும், முழுங்கும்."

அவர் விழுங்கினார். தொண்டை ஒரு முறை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அக்காவும் கைதட்டினார்.